பொனற்றைத் திறக்காமல் பேசும் விலை

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி ஐந்து வருடம் கழித்து, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் பரவலாகத் திறந்தது. புது வாகனங்கள் கப்பலில் வந்து இறங்குகின்றன. வன்னியில் நெல் விதைப்பவருக்கும் முல்லைத்தீவில் மீன் எடுத்து விற்பவருக்கும் அது பத்திரிகையில் படிக்கும் செய்தி மட்டும்தான். வரியோடு சேர்ந்த புது விலை அவர்களுடைய கணக்குக்குள் வராது. அவர்கள் வாங்கப்போவது இன்னொருவர் பத்து, இருபது வருடம் ஓடிவிட்டு விற்கும் பிக்கப்பைத்தான். அதையும் தடைக்காலத்தில் ஏறிப்போன விலைக்கு வாங்கவேண்டும். பாதிப் பணம் லீசிங், மீதி நகை அடகு அல்லது கனடாவில் இருக்கும் மச்சான்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பணத்தோடு போய் நிற்பவர் கேட்கும் கேள்விகள் விசித்திரமானவை. "என்ன வருசம் அண்ணை?" "எத்தினை கை மாறினது?" "மீற்றர் எவ்வளவு?" பிறகு பெயின்ற், சீற் கவர், அலோய் வீல். தரகருக்கு இவற்றுக்கெல்லாம் பதில் மனப்பாடம். கடைசியாகத்தான் எஞ்சின் வரும். ஸ்டார்ட் பண்ணி, இரண்டு தரம் அக்சிலேற்றரை மிதித்து, "சத்தம் நல்லாத்தானே கிடக்கு" என்றால் முடிந்தது. கியர் பொக்ஸுக்குக் கிடைப்பது சந்திவரை ஒரு ஓட்டம்.

இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். பொடியில் துரு என்றால் பரந்தனிலேயே ஒட்டிக்கொள்ளலாம். சீற் கவர் எந்தக் கடையிலும் தைக்கலாம். வாங்கிய வாகனம் வீட்டுக்கு உழைக்குமா, வீட்டையே தின்னுமா என்பதைத் தீர்மானிப்பவை எஞ்சினும் கியர் பொக்ஸும்தான். அவற்றைத் தெரிவுசெய்யும்போது முதலில் கேட்கவேண்டியது குதிரைவலு எவ்வளவு என்றுகூட அல்ல. ஏற்றப்போவது என்ன, ஓடப்போவது எங்கே, அது நின்றுபோனால் கைவைக்கக்கூடிய ஆள் எத்தனை மைல் தள்ளி இருக்கிறார் என்பவைதான்.

முதலில் பாரம். ஒரு நெல் மூடை 65 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். வடக்கில் எல்லோரும் பட்டா என்று கூப்பிடும் டாடா ஏஸுக்குத் தயாரிப்பாளர் அனுமதித்த பாரம் 750 கிலோ, பதினொரு மூடை. ஜப்பானின் 660 சிசி குட்டி லொறிகளுக்கு அந்நாட்டுச் சட்டம் விதித்த எல்லை 350 கிலோ; ஐந்து மூடை. ஹைலக்ஸ் சிங்கிள் கப் போன்ற ஒரு தொன் பிக்கப் என்றால் பதினைந்து. அறுவடைக் காலத்தில் தருமபுரம், விசுவமடுப் பக்கம் நின்று பார்த்தால் இந்தக் கணக்கை ஒருவரும் மதிப்பதில்லை என்பது தெரியும். பட்டாவில் இருபது மூடை ஏறும், அதன்மேல் இரண்டு பேரும் ஏறுவார்கள்.

ஏஸ் வண்டியைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. 2005 மே மாதம் இந்தியாவில் வெளிவந்த அந்த வண்டி, சாமான் ஏற்றும் முச்சக்கரவண்டிக்கு மாற்றாக யோசித்துக் கட்டப்பட்டது. இரண்டு சிலிண்டர், 702 சிசி, ரேர்போ இல்லாத டீசல் எஞ்சின், வெறும் 16 குதிரைவலு, நாலு கியர். இலங்கையில் டிமோ நிறுவனம் அதற்கு டிமோ பட்டா என்று பெயர் வைத்து விற்றது. 2009க்குப் பிறகு மீள்குடியேறிய வன்னியில் அது தெருத்தெருவாக ஓடியது. உள்ளே எலெக்ட்ரோனிக் சமாச்சாரம் எதுவும் இல்லாத எளிய எஞ்சின். கைதடியில் பழகிய பொடியனும் பிரிப்பான், புதுக்குடியிருப்பில் பழகிய பொடியனும் பிரிப்பான். ஆனால் 16 குதிரைவலுவை வைத்துக்கொண்டு ஒன்றரைத் தொன்னை இழுத்த பட்டா எப்படி இருக்கும்? கிளச் பிளேற் தேய்ந்திருக்கும், பின் அச்சில் ஊளைச் சத்தம் கேட்கும், ஹெட் ஒரு தரமாவது கழன்றிருக்கும். பாவித்த பட்டா வாங்குபவர் அதன் வருடத்தைக் கேட்பதைவிட அது முன்பு என்ன ஏற்றியது என்று கேட்பது மேல். பாண், மரக்கறி, சோடா ஏற்றிய பட்டாவும் கல், மணல் ஏற்றிய பட்டாவும் ஒரே வருடத்தில் பதிவாகியிருந்தாலும் வேறுவேறு வாகனங்கள்.

ஒரு தொன் வகைக்கு வந்தால் பேச்சு நீளும். ஏனென்றால் இங்கே ஒரே பெயருக்குள் பல எஞ்சின்கள் ஒளிந்திருக்கின்றன. ஹைலக்ஸ் என்று கேட்டு வாங்குகிறவர்கள் அதிகம். அதற்குள் இருப்பது 2எல்லா, 3எல்லா, 5எல்லா என்று பார்ப்பவர்கள் குறைவு. மூன்றும் ஒரே குடும்பத்துப் பழைய டீசல்கள்தான். 2எல் 2.4 லீற்றர், 3எல் 2.8, 5எல் 3.0. கணினிப் பெட்டி இல்லாமல், சுழலும் பம்பினால் டீசலைத் தள்ளி ஓடுபவை. 2எல் வகையில், அதிலும் ரேர்போ பூட்டியவற்றில், சூடேறினால் ஹெட் வெடிக்கும் பழக்கம் உலகம் முழுவதும் பெயர் பெற்றது. 3எல் அந்த வகையில் பொறுமைசாலி. ஆகவே வன்னியில் நெல்லுக்கும் உரத்துக்கும் ஒரு பிக்கப் தேடுபவர், பளபளக்கும் 2எல் ரேர்போவையும் பெயின்ற் மங்கிய 3எல்லையும் அருகருகே கண்டால் மங்கியதன் பக்கம் போவதே புத்தி.

நிசான் பிக்கப்புகளில் வந்த டிடி27 இன்னொரு நல்ல பிறவி. 2.7 லீற்றர். அதில் டைமிங் பெல்ட் கிடையாது. பல்சக்கரங்களே வேலையைச் செய்கின்றன. சத்தம் கொஞ்சம் கூட. வேகம் குறைவு. ஆனால் பெல்ட் அறுந்து வால்வும் பிஸ்டனும் முட்டி, நெடுங்கேணிக் காட்டு வீதியில் இரவு பத்து மணிக்கு நிற்கவேண்டிய நிலை வராது. மிற்சுபிசி எல்200இன் 4டி56 எஞ்சினோ இதற்கு நேர் எதிர். அதில் ஒன்றல்ல, இரண்டு பெல்ட். அதிர்வைக் குறைக்கும் சமநிலைத் தண்டுக்கென்று இருக்கும் சின்னப் பெல்ட் அறுந்தால், அது பெரிய பெல்ட்டுக்குள் சிக்கி அதையும் இழுத்துக்கொண்டு போகும். நல்ல எஞ்சின்தான், ஆனால் பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லாத 4டி56ஐ வாங்குபவர், புதுப் பெல்ட் இரண்டின் விலையையும் கூலியையும் அந்த இடத்திலேயே விலையில் கழித்துப் பேசவேண்டும்.

பெல்ட் பற்றி ஒரு சின்ன விசயம். எல் வகை எஞ்சின் பூட்டிய ஹைலக்ஸின் டாஷ்போர்டில் டைமிங் பெல்ட்டுக்கென்றே ஒரு விளக்கு உண்டு. ஒரு இலட்சம் கிலோமீற்றர் ஓடியதும் எரியும். சாவியைத் திருப்பியவுடன் மற்ற விளக்குகளோடு அதுவும் ஒரு கணம் எரிந்து அணையவேண்டும். எரியவே இல்லையென்றால் பல்ப் கழற்றப்பட்டிருக்கிறது. கழற்றியவருக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.

பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி என்றால் கவலையில்லை என்பதும் முழு உண்மையல்ல. நிசான் நவாராவில் வந்த ஒய்டி25 எஞ்சினின் தொடக்க வகைகளில் சங்கிலி தேய்ந்து தளர்வது பல நாடுகளில் அறியப்பட்ட குறை. பெரிய பெயருக்கும் இதே கதை. ஆஸ்திரேலியாவில் 2015 முதல் 2020 வரை விற்ற டொயோட்டா டீசல்களின் புகை வடிகட்டி குறைபாடுள்ளது என்று அந்நாட்டு நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. ஹைலக்ஸும் அந்தப் பட்டியலில் இருந்தது. 3எல்லில் சம்பாதித்த நல்ல பெயரை அதே கம்பனியின் எல்லா எஞ்சினுக்கும் பிரித்துக் கொடுக்க முடியாது.

பழைய, கணினியில்லாத டீசலுக்கு வன்னியில் இன்னும் மதிப்பிருப்பதற்கு இந்த மண்ணின் வரலாறும் ஒரு காரணம். 1990 தொடக்கம் 2002 வரை இப்பகுதிக்குள் எரிபொருள் வருவதற்கு அரசு தடைவிதித்திருந்தது. அந்த வருடங்களில் ஏ40 ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பெற்றோல் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கார்களின் அமுக்கவிகிதம் குறைவு என்பதால்தான் இது சாத்தியமானது. இன்றைய பெற்றோல் எஞ்சினில் செய்தால் முதல் நாளிலேயே தட்டத் தொடங்கும். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணியாக்கியது, வால்வு கருகியது. அவற்றைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டியே ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் உருவானார்கள். ஸ்கானர் இல்லாமல், காதால் கேட்டு, கையால் தொட்டுப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் திறமை அங்கிருந்து வந்தது.

2009இல் போரின் முடிவில் முள்ளிவாய்க்காலிலிருந்து மக்கள் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது வாகனங்களை விட்டுவிட்டே நடந்தார்கள். வாகனங்கள் போயின, மீண்டவர்களின் கையில் தொழில் இருந்தது. இன்றைக்கும் கிளிநொச்சியிலோ முள்ளியவளையிலோ ஒரு சாதாரண கராஜ்காரர் 3எல் எஞ்சினின் பம்ப் நேரத்தைச் சரிசெய்துவிடுவார், ஹீட்டர் பிளக் எது வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடுவார். அந்த அறிவு வாங்குபவருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு காப்புறுதி. வாகனத்தின் விலையைப் பேசும்போது அதையும் ஒரு தொகையாகக் கணக்கில் எடுக்கவேண்டும்.

2004இல் தாய்லாந்தில் வெளிவந்த ஹைலக்ஸ் விகோவோடு இந்தக் கணக்கு மாறியது. 1கேடி, 2கேடி எனும் அந்த எஞ்சின்கள் கொமன் ரெயில் வகை. டீசல் ஆயிரம் பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் ஒரு குழாயில் காத்திருக்கும். எப்போது, எவ்வளவு என்பதைக் கணினிப் பெட்டி தீர்மானிக்கும். இழுவை அதிகம், எரிபொருள் மிச்சம், சத்தம் குறைவு. கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். வாரத்துக்கு நாலு தடவை மரக்கறி ஏற்றி ஏ9 வீதியில் போய்வரும் ஒருவருக்கு இந்த எஞ்சின் கொடுக்கும் மிச்சம் உண்மையானது, அவர் அதைத் தெரிவுசெய்வதில் தவறில்லை. பழுதென்றால் அவருக்கு வவுனியா வழியில்தான், அநுராதபுரமும் கிட்டத்தான்.

வயலுக்கும் வீட்டுக்கும் சந்தைக்கும் மட்டும் ஓடுபவருக்கு அதே எஞ்சின் வேறு முகம் காட்டும். 1கேடியில் இன்ஜெக்டரின் அடியில் உள்ள செப்பு வளையம் கசிந்தால் எரிந்த வாயு மேலேறி ஒயிலைக் கரியாக்கும். அந்தக் கரி கீழே ஒயில் உறிஞ்சும் வலையை அடைக்கும். ஒரு நாள் ஒயில் அழுத்தம் இல்லாமல் எஞ்சின் இறுகும். வெளியில் எந்த அடையாளமும் தெரியாது. வாங்கும்போது ஒயில் மூடியைக் கழற்றி உள்ளே கட்டியான கரி இருக்கிறதா என்று பார்க்கலாம். இரவு முழுக்க நின்ற வாகனத்தை விடிய ஸ்டார்ட் செய்து, வெள்ளைப் புகையும் தட்டும் சத்தமும் எவ்வளவு நேரம் நிற்கின்றன என்று பார்க்கலாம். அதற்கு வாங்குபவர் விடியவே போகவேண்டும். "நீங்கள் வாறதுக்கு முதலே சூடாக்கி வைச்சிருக்கிறன்" என்று விற்பவர் அன்போடு சொன்னால் வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் சொல்லாமல் போகவேண்டும்.

கொமன் ரெயிலுக்கு இன்னொரு எதிரி கலப்பட டீசல். 2022 ஓகஸ்ட் வரை மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய். டீசல் 400ஐத் தாண்டி நின்றது. கலக்கும் ஆசை ஏன் வரும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 340 ரூபாயானதோடு ஆசையும் குறைந்திருக்கும். ஆனால் டீசலே தனது பம்புக்கு ஒயிலாகவும் இருப்பதால், மண்ணெண்ணெய் கலந்து குடித்த பம்ப் உள்ளே தேய்ந்திருக்கும். பழைய சுழல் பம்ப் என்றால் பிரித்துப் பழுதுபார்க்கலாம். கொமன் ரெயில் பம்பும் நாலு இன்ஜெக்டரும் என்றால் அவற்றைச் சோதிக்கும் மேசை உள்ள இடத்தைத் தேடிக் கழற்றி அனுப்பவேண்டும். கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் கேட்கும் விலை ஒரு போகத்து இலாபத்தை விழுங்கிவிடும்.

பெற்றோலைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. டீசல் மலிவு என்ற பழைய எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. 2022 ஜூன் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் 470 ரூபாய்க்கும் ஓட்டோ டீசல் 460 ரூபாய்க்கும் விற்றபோது அந்த எண்ணத்தின் அடிவேர் ஆடியது. பிறகு விலைகள் இறங்கியிருந்தாலும், விலை வித்தியாசத்தை மட்டும் நம்பி டீசல் வாங்குவது பழைய கணக்கு. டவுனுக்குள் கடைச் சாமான் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு, கோழித்தீன் நாலு பை ஏற்றுபவருக்கு, சுசுகி கரி போன்ற 660 சிசி பெற்றோல் லொறி தாராளம். அதிலும் எஞ்சினைப் பார்த்து வாங்கவேண்டும்: பழைய எஃப்6ஏயில் டைமிங் பெல்ட், அதற்குப் பின்வந்த கே6ஏயில் சங்கிலி. எஞ்சின் சீற்றுக்குக் கீழே இருப்பதால் தண்ணீர் மட்டத்தைப் பார்க்க எல்லோருக்கும் பஞ்சி. சூடேறிக் கெட்டவைதான் அதிகம். சீற்றைத் தூக்காமல் இந்த லொறியை வாங்கக்கூடாது.

அதே 2022இல் இன்னொரு பாடமும் கிடைத்தது. எரிபொருளுக்கு கியூஆர் முறை வந்தபோது ஆரம்பத்தில் லொறிக்கு வாரம் 50 லீற்றர், வானுக்கு 20. கொடுத்தது பதிவுப் புத்தகத்தில் உள்ள வகையைப் பார்த்து. எஞ்சின் மாற்றிய வாகனங்கள் இங்கே ஏராளம். ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் எஞ்சினைப் பூட்டுவது தவறுமல்ல. புத்தகத்தில் பெற்றோல் என்றும் பொனற்றுக்குள் டீசல் என்றும் இருப்பதுதான் வில்லங்கம். எஞ்சின் இலக்கம், செஸி இலக்கம், சிசி, எரிபொருள் வகை நான்கையும் இரும்பில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். லீசிங் கம்பனியின் பெயர் இன்னும் புத்தகத்தில் இருந்தால், அதை நீக்கும்வரை முற்பணம்கூடக் கொடுக்கத் தேவையில்லை.

இனிக் கியர் பொக்ஸ். வன்னி தட்டையான நிலம். கண்டியில் ஒரு வாகனத்தைச் சோதிப்பவர் மலையில் ஏற்றிப் பார்ப்பார். இங்கே பரந்தனிலிருந்து முல்லைத்தீவுவரை ஐம்பது கிலோமீற்றர் ஓடினாலும் சொல்லிக்கொள்ளும்படி ஒரு ஏற்றம் இல்லை. வழுக்கும் கிளச் சமநிலத்தில் வெறும் வண்டியில் தெரியாது, விற்பவருக்கும் அது தெரியும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. ஒன்று, ஏதாவது ஒரு குளக்கட்டுக்கு ஏறும் சரிவைத் தேடி, பின்னால் பத்து மூடையோடு பாதியில் நிறுத்தி, அங்கிருந்து எடுத்துப் பார்ப்பது. மூடை கிடைக்காவிட்டால் ஆட்களை ஏற்றலாம். வாகனம் பார்க்கும் இடத்தில் ஆட்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. மற்றது, நின்ற இடத்திலேயே ஹான்ட் பிறேக்கை இறுக்கி, மூன்றாம் கியரில் போட்டு மெல்லக் கிளச்சை விடுவது. எஞ்சின் நின்றுபோனால் கிளச் நல்லது. நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தால் பிளேற் முடிந்துவிட்டது.

காது இங்கேயும் உதவும். நியூட்ரலில் கிளச்சை விட்டிருக்கும்போது கேட்கும் உறுமல், மிதித்தவுடன் நின்றால் கியர் பொக்ஸின் முன் பெயாரிங்கில் கோளாறு. மிதிக்கும்போதுதான் சத்தம் தொடங்குகிறது என்றால் கிளச் பெயாரிங். அது சின்னச் செலவு. இரண்டாம், மூன்றாம் கியரில் வேகமெடுத்துச் சட்டென்று காலை எடுத்தால் கியர் தானாகக் கழன்று துள்ளுகிறதா? துள்ளினால் அந்தப் பொக்ஸைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். ஒயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க விற்பவர் சம்மதித்தால் இன்னும் நல்லது: பித்தளைப் பொடி மின்னினால் சிங்கிரோ வளையம் தேய்கிறது, பால் கலந்த தேத்தண்ணி நிறமாக இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கியதை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளத்தில் நின்ற வாகனங்கள் கழுவி உலர்த்தி விற்பனைக்கு வரும். டிப்ரன்சியல் ஒயிலை யாரும் கழுவுவதில்லை.

பழைய டீசலோடு ஐந்து கியர் மனுவல் என்பதே வன்னிக்குப் பொதுவாகப் பொருந்தும். பற்றரி செத்தால் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். சேற்றில் முதல் கியரில் ஊர்ந்து வரலாம். ஓட்டோ கியர் பொக்ஸ் பாரத்தோடு சேற்றில் உருளும்போது சூடேறும். அந்தச் சூடுதான் அதன் எமன். ஒயில் சிவப்பாக இல்லாமல் கறுத்து, கருகிய மணம் அடித்தால், ரிவேர்ஸில் போட்டு ஒரு மூச்சு விட்ட பிறகுதான் வண்டி அசைகிறது என்றால், விலை பேசுவதில் பயனில்லை. பின்சக்கரங்கள் உருள இழுத்துக்கொண்டு போனாலே உள்ளே எரிந்துவிடக்கூடிய சாமான் அது. சுசுகி கரியில் 2014 முதல் வந்த ஏஜிஎஸ் என்பது இன்னொரு வகை. ஓட்டுபவருக்குக் கிளச் மிதி இல்லை, ஆனால் உள்ளே சாதாரண கியர் பொக்ஸும் கிளச்சும்தான், இயந்திரம் மாற்றுகிறது. ஓட்டோ என்று சொல்லி விற்கப்படும் இந்த லொறியில் கிளச் பிளேற்றும் தேயும் என்று தரகர் சொல்லமாட்டார்.

ஆயினும் "ஓட்டோ எல்லாம் வன்னிக்குச் சரிவராது" என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குவதற்கு இந்த மண்ணில் யாருக்கும் உரிமையில்லை. போரிலும் கண்ணிவெடியிலும் இடக்காலை இழந்தவர்கள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிளச் மிதி இல்லாத வாகனம் ஆடம்பரமல்ல, தாமே ஓட்டி உழைப்பதற்கான வழி. அவர்களுக்கான தெரிவு சின்னப் பெற்றோல் ஓட்டோ லொறியாக, குறைந்த பாரத்தோடு, தார்வீதியில் ஓடுவதாக இருந்தால் அந்தப் பெட்டி நெடுநாள் உழைக்கும். லீசிங் கம்பனிகளோ உதவி நிறுவனங்களோ வாழ்வாதாரத் திட்டம் போடும்போது இதைக் கேட்டு அறிந்து செய்யவேண்டும்.

நாலு சக்கர இழுவை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கொக்கிளாய், நாயாறு மணலிலும் மாரி காலத்து வயல் பாதையிலும் அது தேவைப்படும். ஏ9 ஓரத்துக் கடைக்காரருக்கு அது வீண்பாரம். வாங்குவதென்றால் மண்ணில் ஓட்டி, குறைந்த வேகக் கியரும் விழுகிறதா என்று பார்க்கவேண்டும். காய்ந்த தாரில் அதைப் போட்டு ஓட்டிக் காட்டும் விற்பனையாளர் அந்த வாகனத்தை எப்படி வைத்திருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

இவ்வளவையும் ஒரு விவசாயி தனியாகப் பார்க்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். நியாயமில்லை. இப்போதுள்ள ஏற்பாடு அப்படித்தான் எதிர்பார்க்கிறது. லீசிங் கொடுப்பவர் வாகனத்தைப் பெறுமதி பார்க்கும்போது எஞ்சினின் அமுக்கத்தை அளப்பதில்லை. உற்பத்தி வருடமும் சந்தை விலையும் அவருக்குப் போதும். எஞ்சின் இரண்டாம் மாதம் இறுகினாலும் தவணை வரும், வராவிட்டால் வாகனத்தைத் தூக்கலாம். 2008 முதல் நடைமுறையில் உள்ள வருடாந்தப் புகைப் பரிசோதனை புகையை மட்டுமே அளக்கிறது. டைமிங் பெல்ட்டும் கியர் பொக்ஸும் அதன் பார்வைக்கு வெளியே.

இதற்கு மாற்று தொலைவில் இல்லை. ஜேர்மன் அரசின் உதவியோடு 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது. வாகனத் தொழில்நுட்பம் அதன் பாடங்களில் ஒன்று. பக்கத்திலேயே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். அங்கே வாரத்தில் ஒரு நாள், கட்டணம் வாங்கிக்கொண்டு, பாவித்த வாகனங்களைப் பரிசோதித்து எழுத்தில் அறிக்கை கொடுக்கலாம்: நாலு சிலிண்டரின் அமுக்கம், ஸ்கானரில் தெரியும் பிழைகள், ஒயில்களின் நிலை, எஞ்சின் இலக்கம் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்பது. மாணவருக்கு அது செய்முறைப் பாடம். முள்ளியவளையிலும் பரந்தனிலும் இருக்கும் மூத்த மெக்கானிக்குகளை அந்த நாளில் கூலி கொடுத்துக் கூப்பிட்டால், ஸ்கானரால் பிடிக்க முடியாததை அவர்களுடைய காது பிடிக்கும். அவர்களுக்கும் கொமன் ரெயிலைப் பழக ஒரு இடம் கிடைக்கும்.

தரகர்கள் இதை விரும்பமாட்டார்கள். நல்ல வாகனம் வைத்திருப்பவர் விரும்புவார். அந்த அறிக்கையைக் காட்டியே அவர் ஐம்பதாயிரம் கூடக் கேட்கலாம். லீசிங் கம்பனிகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கொடுக்கும் ஒவ்வொரு பாவித்த வாகனக் கடனுக்கும் இப்படியொரு அறிக்கையைக் கட்டாயமாக்கி, கட்டணத்தில் பாதியைத் தாங்களே ஏற்கவேண்டும் என்று மாவட்ட அபிவிருத்திக் குழுக் கூட்டத்தில் கேட்பதற்கு எந்த மக்கள் பிரதிநிதிக்கும் தடையில்லை. அடுத்த அறுவடைப் பணம் கைக்கு வர முன்னர் கேட்டால் நல்லது; அப்போதுதான் தரகர்களின் தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கும்.